ஹை ஹீல்ஸ் முதலில் ஆண்களின் காலணியா?

ஹை ஹீல்ஸ் எனப்படும் குதிகால் உயர்ந்த காலணியை முதலில் அணிந்தவர்கள் ஆண்கள்தானா, 1599-இல் பாரசீக மன்னர் அனுப்பிய தூதுக்குழுதான் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ‘பெரும்பாலும் ஆம்’ என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. தூதுக்குழு புறப்படுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இங்கிலாந்து அரசியின் உடைக் கணக்கில் குதி உயர்ந்த காலணி ஒன்று எழுதப்பட்டுவிட்டது. கதையின் சாரம் சரி, அதற்குக் குறிக்கப்படும் நாள்தான் இடிக்கிறது என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எதை ஹீல் என்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்தப் பொருளில் எழும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. காலை உயர்த்தும் காலணிகள் இரண்டு வகை. அடிப்பகுதி முழுவதும் ஒரே சீராகத் தடித்திருந்து பாதத்தை அப்படியே மேலே தூக்குவது ஒரு வகை. முன்பாதம் தரையை ஒட்டியிருக்க, குதிகாலுக்குக் கீழே மட்டும் தனியாக ஒரு கட்டையைப் பொருத்திப் பின்பக்கத்தை உயர்த்துவது இன்னொரு வகை. முதல் வகை உலகில் பல இடங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், மிகப் பழங்காலத்திலிருந்தே இருந்து வந்திருக்கிறது. நம் மடங்களிலும் பூசை அறைகளிலும் காணப்படும் பாதக்குறடு அந்த இனத்தைச் சேர்ந்தது. மரப்பலகைக்குக் கீழே முன்னும் பின்னும் இரு முட்டுகள் நின்று அதைத் தரையிலிருந்து தூக்கும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே குமிழ் இருக்கும். துருக்கியக் குளியல் கூடங்களில் ஈரத்தரையில் நடப்பதற்காகப் பெண்கள் அணிந்த, முத்துச்சிப்பி பதித்த உயர மரச்செருப்புகளும் இதே இனம்தான். பண்டைக் கிரேக்கச் சோக நாடக நடிகர்கள் தடித்த அடி கொண்ட காலணி அணிந்தார்கள் என்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதும் இதில்தான் சேரும். அதிலும் ஒரு திருத்தம் உண்டு, நாடகங்கள் எழுதப்பட்ட கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அது மெல்லிய அடியுடைய மென்மையான காலணியாகவே இருந்தது, அடி தடித்ததெல்லாம் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான்.

தெலங்கானாவில் பாலம்பேட் ஊரிலுள்ள ராமப்பா கோயிலின் தாங்கு சிற்பங்களில் ஒரு பெண்ணின் காலில் உயர்ந்த காலணி செதுக்கப்பட்டிருப்பதைப் படம் எடுத்து, ‘ஹை ஹீல்ஸ் கண்டுபிடித்தது நாம்தான்’ என்ற தலைப்போடு பகிர்கிறார்கள். 1213-ஆம் ஆண்டைச் சேர்ந்த காகதியர் கோயில் அது; சிற்பமும் உண்மையானது, பார்க்க வேண்டியது. ஆனால் அந்தக் காலணியைப் பாதக்குறட்டின் உறவாகக் கொள்வதே பொருத்தம். பிற்கால ஐரோப்பியக் குதிக்கட்டைக்கும் அதற்கும் இடையே எந்தத் தொடர்ச்சியையும் காட்ட முடியாது. பெருமை கொள்ளக் காரணம் தேடுபவர்களுக்கு அந்தக் கோயிலில் வேறு எவ்வளவோ இருக்கிறது.

முழுமையாக உயர்த்தும் வகையில் ஐரோப்பாவில் மிகப் பெரிய செல்வாக்குப் பெற்றது சோப்பின் என்ற காலணி. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்பெயினிலும் வெனிஸிலும் செல்வர் வீட்டுப் பெண்கள் அணிந்தது. ஸ்பெயினில் அதைத் தக்கையால் செய்தார்கள். பெண்களின் சோப்பின் ஆசைக்கு ஈடுகொடுக்க நாட்டிலுள்ள தக்கை முழுவதும் போதாது என்று அந்நாட்டு மதகுரு ஒருவர் அந்தக் காலத்திலேயே சலித்துக்கொண்டிருக்கிறார். வெனிஸில் மரத்தால் செய்து தோலோ வெல்வெட்டோ போர்த்தினார்கள். உயரம் கட்டுக்கடங்காமல் போனதால் 1430-இல் வெனிஸ் ஆட்சிமன்றம் அதற்கு வரம்பு விதித்தது. அந்நகரின் கோரெர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் உயரச் சோப்பின் இன்றும் இருப்பதைப் பார்த்தால் சட்டத்தை யார் மதித்தார்கள் என்பது விளங்கும். அதே அருங்காட்சியகத்தில் கார்பாச்சோ 1490-களில் தீட்டிய ஓர் ஓவியம் இருக்கிறது. இரண்டு சீமாட்டிகள் மாடியில் அமர்ந்து எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படத்தின் இடது ஓரத்தில், அவர்கள் கழற்றிப் போட்ட ஒரு சோடி சோப்பின் தரையில் கிடக்கும். வீட்டுக்குள் வந்ததும் செருப்பை வாசலோரம் விடுவது போன்ற மிக இயல்பான காட்சி அது.

தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலப் பயணி 1608-இல் வெனிஸுக்குப் போனபோது, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று பல நிறத் தோல் போர்த்திய, சில பொன்பூச்சும் பெற்ற இந்தக் காலணிகளைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். குலம் உயர உயரக் காலணியின் உயரமும் கூடியது என்றும், துணையில்லாமல் நடந்த ஒரு பெண் கல்பாலத்தின் படிகளில் உருண்டு விழுந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொல்கிறார். தனியே நடக்க முடியாமையே அங்கே அந்தஸ்தின் அடையாளம். இருபக்கமும் பணிப்பெண்கள் தாங்கிவர வேண்டும், பாவாடையின் விலையுயர்ந்த பட்டும் அந்த உயரத்திற்கேற்ப நீள வேண்டும். காலணியைப் பாவாடை முழுவதுமாக மறைத்துவிடுவதால், பார்ப்பவர் கண்ணில் படுவது காலணியல்ல, உயரமும் பட்டுத்துணியும்தான். சோப்பினைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம், அது குதிக்கட்டையின் தாய் அல்ல என்றாலும், 1600-ஐ ஒட்டி ஐரோப்பாவில் குதிக்கட்டை நுழைந்தபோது அதற்கு முன்பே அங்கே வீற்றிருந்த போட்டியாளர் அதுதான் என்பது.

இனி, தனியாகப் பொருத்தப்பட்ட குதிக்கட்டை எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு வரலாம். நடப்பதற்கு அது எந்த வகையிலும் உதவாது. மணலில் புதையும், சேற்றில் இறங்கும், கரடுமுரடான பாதையில் கணுக்காலைப் பிசகவைக்கும். ஆகவே நடைக்காக யாரும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அது பயன்படும் இடம் ஒன்றே ஒன்று: குதிரைச் சேணத்தின் இருபுறமும் தொங்கும் கால்வளையமான அங்கவடி. பாதத்தை அதற்குள் நுழைத்ததும் குதிக்கட்டையின் முன்பக்கம் வளையத்தின் கம்பியில் போய் முட்டி நின்றுவிடும். பாதம் அதைத் தாண்டி உள்ளே வழுக்கிப் போகாது. வழுக்கிப் போனால் என்ன ஆகும் என்பது குதிரையோடு பழகியவர்களுக்குத் தெரியும். விழுந்தவனின் கால் வளையத்தில் சிக்கிக்கொள்ள, குதிரை அவனைத் தரையில் இழுத்துக்கொண்டே ஓடும். இன்றைக்கும் குதிரையேற்றப் பள்ளிகளில் சிறிய குதியாவது உள்ள காலணி வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும், அமெரிக்க மாடு மேய்ப்பர்களின் பூட்ஸில் சரிவான உயரக் குதி நிலைத்துவிட்டதும் இதே காரணத்தால்தான்.

குதிரைமீது அமர்ந்து வில் எய்பவனுக்கு இது இன்னும் அவசியம். அவன் இரு கைகளையும் கடிவாளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்; ஓடும் குதிரையின் குலுக்கல் உடம்பில் ஏறாமலிருக்க அங்கவடியில் காலூன்றிச் சற்றே எழுந்து நிற்க வேண்டும்; அப்படி நின்றபடியே இடுப்பைத் திருப்பிப் பின்னால் வரும் எதிரியை நோக்கி அம்பை விட வேண்டும். அந்தக் கணத்தில் அவனுடைய முழு எடையும் இரண்டு உலோக வளையங்களின்மீதுதான் நிற்கிறது. குதியுள்ள காலணி அவன் பாதத்தை அங்கே பூட்டிவைக்கிறது. பாரசீகக் குதிரைப்படை நூற்றாண்டுகளாகப் பேர்பெற்றிருந்தது இந்தக் கலையில்தான்.

இங்கே இந்தியாவைப் பற்றி ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம், தொடர்பு உண்மையானது என்பதால். சாஞ்சியின் கி.மு. காலச் சிற்பங்களில் குதிரை வீரர்கள் காலுக்கு ஒரு சிறிய வார்வளையத்தைப் பயன்படுத்துவதைக் காணலாம். வெறுங்காலின் பெருவிரலை மட்டும் மாட்டிக்கொள்வதற்கானது அது. வெப்ப நாட்டில் செருப்பில்லாமல் ஏறியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. குளிர் நாட்டில் தடித்த தோல்காலணியோடு ஏறியவர்களுக்குப் பாதம் முழுவதும் நுழையும் வளையம் வேண்டியிருந்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டுச் சீனாவில் இருபுறமும் தொங்கும் முழு அங்கவடி தெளிவாகக் காணக் கிடைக்கிறது. பிறகு புல்வெளி நாடோடிகள் வழியாக அது மேற்கே பரவியது. வளையம் பெரிதான பிறகுதான் பாதம் அதில் வழுக்கும் சிக்கல் வருகிறது, அந்தச் சிக்கலுக்குத்தான் குதிக்கட்டை தீர்வாகிறது. பெருவிரல் வளையம் இருந்த இடத்தில் அது பிறக்கக் காரணமே இல்லை.

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள பாட்டா காலணி அருங்காட்சியகத்தில் 17-ஆம் நூற்றாண்டுப் பாரசீக ஆண்களின் குதிரையேற்றக் காலணி பாதுகாக்கப்படுகிறது. இன்றைய கடையில் வைத்தால் யாரும் அதைப் பெண்களுக்கானது என்றே எடுத்துப் பார்ப்பார்கள். குதி அவ்வளவு உயரமாகவும் அடிநோக்கிக் குறுகியும் இருக்கும். அதன் தோலைப் பதப்படுத்திய முறை தனிச் சுவாரசியம் உடையது. குதிரையின் பின்தட்டுத் தோலை ஈரமாக விரித்து, அதன்மேல் கடுகு போன்ற சிறு விதைகளைத் தூவி அழுத்திக் காயவைப்பார்கள். காய்ந்ததும் உதறினால் விதை உதிர்ந்து தோல் முழுவதும் நுண்ணிய புள்ளிகள் பதிந்திருக்கும். பிறகு சாயமேற்றினால் சுறாத்தோல் போலச் சொரசொரப்பும் பளபளப்பும் கலந்த மேற்பரப்பு கிடைக்கும். அந்த அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் எலிசபெத் செம்மெல்ஹாக் பல ஆண்டுகளாக முன்வைத்துவரும் ஆய்வால்தான், ஹை ஹீல்ஸின் வேர் மேற்காசியக் குதிரைப்படையில் இருக்கிறது என்ற கருத்து உலகெங்கும் அறியப்பட்டது.

இப்போது அந்தத் தூதுக்குழுவின் கதை. 1588-இல் அரியணை ஏறிய முதலாம் ஷா அப்பாஸ், ஒட்டோமான் பேரரசுக்கு எதிராக ஐரோப்பிய அரசர்களின் துணையைத் தேடினார். அதற்காக 1599-இல் உசேன் அலி பேக் என்பவரையும், அப்போது பாரசீகத்துக்கு வந்திருந்த ஆந்தனி ஷெர்லி என்ற ஆங்கிலேயரையும் தலைமையில் வைத்து ஒரு குழுவை அனுப்பினார். மாஸ்கோ, பிராக், ரோம் வழியாக அது ஸ்பெயினின் வய்யதோலித் நகரம்வரை சென்றது. இருவருக்கும் வழியெல்லாம் சண்டை. குழுவிலிருந்த சிலர் கிறித்தவத்தைத் தழுவி ஸ்பெயினிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் உருஜ் பேக் என்பவர் ‘பாரசீகத்து தோன் ஹுவான்’ என்ற பெயரில் தம் அனுபவங்களை 1604-இல் நூலாகவும் வெளியிட்டார். அரசியல் நோக்கில் தூது பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால் பாரசீகத்தைப் பற்றிய ஆர்வம் ஐரோப்பிய அவைகளில் பெருகியது, அவர்களின் உடையும் காலணியும் வீரத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டன, பிரபுக்கள் குதியுயர்ந்த காலணிக்கு மாறினார்கள் என்று கதை முடிகிறது.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலாம் எலிசபெத் அரசியின் 1595-ஆம் ஆண்டு உடைக் கணக்கில், ஸ்பானியத் தோலால் உயரக் குதியும் வளைவும் வைத்துச் செய்த ஒரு சோடி காலணிக்குப் பதிவு இருக்கிறது. அரசிக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தூதுக்குழு இஸ்ஃபகானில் மூட்டை கட்டுவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. தவிர, பாரசீகக் காலணியை ஆங்கிலேயர் காண்பதற்கு 1599 வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1562-இல் ஆந்தனி ஜென்கின்சன் என்ற வணிகர் கஸ்வீன் நகரில் ஷா தமாஸ்ப்பின் அவைக்குப் போனபோது, வேற்றுமதத்தவரின் கால் பட்டுத் தரை தீட்டாகிவிடக்கூடாது என்பதற்காக, ஷா அணியும் செருப்பையே கொண்டுவந்து அவர் காலில் மாட்டிவிட்டார்கள். திரும்பும்போது அவர் நடந்த வழியில் ஒருவர் மணலைத் தூவிக்கொண்டே வந்தார். இரவுத் தொழுகைக்கு எழும்போது அணியும் செருப்பு அது, குதிரையேற்றக் காலணி அல்ல. இருந்தாலும் பாரசீக மன்னரின் செருப்பை ஓர் ஆங்கிலேயர் காலில் போட்டு நடந்தது தூதுக்குழுவுக்கு 37 ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி.

ஒட்டோமான்களோடு வெனிஸ் நூற்றாண்டுகளாக வணிகம் செய்தது. அங்கேரியின் சமவெளிகளில் இரு தரப்புக் குதிரைப்படைகளும் ஆண்டுதோறும் மோதின. 1581-இல் இங்கிலாந்தும் ஒட்டோமான் நாட்டோடு வணிகம் செய்யத் தனி நிறுவனம் தொடங்கியது. குதிரையேற்றத்துக்கான ஒரு பொருள் குதிரைவீரர்கள் சந்திக்கும் இடங்களிலெல்லாம் கைமாறியிருக்கும் என்று கொள்வதே இயல்பு. ஐரோப்பியச் செருப்புத் தொழிலாளர்களிடமும் பாதி விடை ஏற்கெனவே இருந்தது: 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், குதிப்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்து ஆப்பு வடிவில் சரியும் தக்கை அடிகளை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அந்த ஆப்பின் நடுப்பகுதியை வெட்டி எடுத்தால் எஞ்சுவது குதியும் வளைவும்தான். எலிசபெத்தின் கணக்கில் ‘வளைவு’ என்ற சொல் தனியாக வந்திருப்பது எனக்கு இந்தக் காரணத்தால் முக்கியமாகப் படுகிறது. பல வாசல்கள் வழியாக வந்த ஒரு கருத்து, உள்ளூரில் முன்பே இருந்த கைவேலையோடு கலந்தது என்று நான் நினைக்கிறேன். 1599 என்ற ஆண்டும் ஒரு தூதுக்குழுவும் கதைசொல்லிக்கு வசதியாக இருப்பதால் பெயரை அவை தட்டிச் சென்றுவிட்டன.

ஆந்தனியின் தம்பி ராபர்ட் ஷெர்லி பாரசீகத்திலேயே தங்கி, பின்னர் ஷாவின் தூதராகவே ஐரோப்பிய அவைகளுக்குப் போய்வந்தார். 1622-இல் ரோமில் வான் டைக் அவரைப் பொன்னிழை மின்னும் பாரசீக உடையில் தீட்டியிருக்கிறார். வெனிஸில் சோப்பினைக் கண்டு வியந்த அதே கோரியட், பிறகு கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்டு, 1615-இல் பாரசீக எல்லைக்கருகே இந்த ராபர்ட்டையும் அவர் மனைவி தெரேசியாவையும் வழியில் சந்தித்தார். ராபர்ட் தம் மூட்டையிலிருந்து கோரியட்டின் நூல்களையே எடுத்துக் காட்டினாராம். எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை. ஹீல்ஸின் வரலாற்றுக்கு இது எதையும் கூட்டாது, ஆனால் இரண்டு காலணி மரபுகளையும் கண்ணால் கண்ட மனிதர்கள் அந்தக் காலத்தில் எவ்வளவு சாதாரணமாக எதிரெதிரே வந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்றாகிறது.

இன்னொரு செவிவழிக் கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1533-இல் பதினான்கு வயதில் பிரான்சின் இளவரசர் ஆன்றியை மணந்த கத்தரீன் தெ மெடிசி, தாம் குள்ளமாக இருப்பதை மறைக்க ஹை ஹீல்ஸ் அணிந்துவந்து அந்த நாகரிகத்தைத் தொடங்கிவைத்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் திருமணக் காலத்துச் சான்று எதுவும் இதற்குக் கிடையாது. தனிக் குதிக்கட்டை ஐரோப்பிய ஓவியங்களிலும் கணக்குகளிலும் தலைகாட்டுவது இன்னும் அறுபது ஆண்டுகள் கழித்துத்தான். இத்தாலியிலிருந்து வந்த மணப்பெண் உயரம் கூட்டிக்கொண்டிருந்தால் அது சோப்பினாகவே இருந்திருக்கும். அதே 1533-இல்தான் எலிசபெத் பிறந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், கட்டுக்கதைக்கும் ஆவணத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு முழு ஆயுள் என்பது புரியும்.

17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் குதியுயர்ந்த காலணி ஐரோப்பியப் பிரபுக்களிடையே உறுதியாக நிலைகொண்டது. குதிரைமீது பயன்பட்டது தரையில் தொல்லை கொடுத்தது. கல் பாவாத தெருக்களில் குதி சேற்றில் புதைந்தது. அதனால் குதிரையிலிருந்து இறங்கியதும், குதியோடு கூடிய காலணியையே தட்டையான அடியுள்ள இன்னொரு திறந்த செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு நடந்தார்கள். சில காலத்தில் அந்த இரண்டையும் ஒன்றாகவே தைத்துவிட்டார்கள்: குதிக்கட்டைக்குக் கீழே, முன்னடியிலிருந்து நீண்டுவரும் ஒரு தட்டைத் தோல் அடி. முன்பக்கம் மட்டும் ஒட்டியிருக்க, பின்பக்கம் விடுபட்டிருந்ததால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது குதியில் ‘பட்பட்’ என்று அடித்தது. நடப்பவர் வருகிறார் என்பதை அந்த ஓசையே அறிவித்தது. சேற்றுக்காகப் பிறந்த இந்த அமைப்பைப் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். பட்டும் பின்னலும் வைத்த அத்தகைய காலணிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, அவை சேற்றைக் கண்டிருக்கவே வாய்ப்பில்லை.

பெண்கள் குதிக்கட்டையை ஏற்றது ஆண்களின் உடையிலிருந்து பலவற்றை அவர்கள் எடுத்துக்கொண்ட போக்கின் ஒரு பகுதியாகவே நடந்தது. ஆண்கள் பாணித் தொப்பி, ஆண்கள் பாணி மேற்சட்டை, குட்டையாக வெட்டிய கூந்தல் ஆகியவற்றை அணிந்த பெண்களைக் கண்டித்து 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துண்டறிக்கைகளே அச்சாயின. குதியுயர்ந்த காலணியும் அந்த வரிசையில் வந்தது. அதாவது ஒரு பெண் அதை அணிந்தபோது ஆண்களின் பொருளை எடுத்து அணிந்தாள் என்பதே அன்றைய பொருள். செல்வர் வீட்டுக் குழந்தைகளும், ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடில்லாமல், குதியோடே நடந்தார்கள்.

இதனிடையே செருப்புத் தைப்பவர்களின் பட்டறையில் நடந்த ஒரு மாற்றம் பலருக்குத் தெரியாது. காலணியை வடிவமைக்க ஒரு மர அச்சு வேண்டும். நம் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளிலும் அதை ‘லாஸ்ட்’ என்றே சொல்வார்கள். தட்டைக் காலணிக்கான லாஸ்ட் செதுக்குவது எளிது. குதி வந்ததும் அச்சின் அடி வளைய வேண்டியதாயிற்று. குதியின் உயரம் மாறினால் வளைவும் மாறும், எனவே ஒவ்வோர் உயரத்துக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். அதோடு இடக்காலுக்கும் வலக்காலுக்கும் கண்ணாடிப் பிம்பம் போல இரண்டிரண்டாகச் செதுக்குவதென்றால் கைவேலையில் கட்டுப்படியாகவில்லை. அதனால் 1600-ஐ ஒட்டிய காலத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஐரோப்பாவில் இடம் வலம் என்ற வேறுபாடே இல்லாத நேரான காலணிகள் பெருவழக்காகிவிட்டன. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. எதை எந்தக் காலில் வேண்டுமானாலும் மாட்டலாம், ஒரு பக்கம் தேயாமலிருக்க மாற்றி மாற்றியும் அணிந்தார்கள். இடைக்கால ஐரோப்பியர்கள் இடம் வலம் பிரித்தே செருப்புத் தைத்துவந்தவர்கள் என்பதை நினைத்தால், குதிக்கட்டைக்கு அவர்கள் கொடுத்த விலை தெரியும்.

இந்த வரலாற்றில் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் கால்கள் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியுடையவை. யாசந்த் ரிகோ 1701-இல் தீட்டிய ஓவியம் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 63 வயது மன்னர், எர்மின் என்ற சிறு விலங்கின் வெண்மயிர்த்தோலை உள்துணியாக வைத்த நீல அங்கியை ஒருபுறம் ஒதுக்கி, வெண்பட்டுக் காலுறை அணிந்த கால்களை நடனக்காரர் போல முன்வைத்து நிற்கிறார். இளமையில் அவர் நல்ல நடனக்காரராகவும் இருந்தவர். வெள்ளைக் காலணியில் குதிமட்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். 1670-களிலிருந்து பிரெஞ்சு அவையில் சிவப்புக் குதி, மன்னரின் அவைக்குள் அனுமதி பெற்றவர்களுக்கே உரியது என்ற வழக்கம் நிலவியது. நல்ல சிவப்புச் சாயம் அன்று மிக விலையுயர்ந்தது. மேலும், சிவப்புக் குதியோடு நடப்பவர் தம் கால் சேற்றில் படாது என்பதை நாலுபேருக்கு அறிவித்துக்கொண்டே நடக்கிறார். அங்கவடிக்காகப் பிறந்த கட்டை ஒரு நூற்றாண்டுக்குள் மெழுகிட்ட மரத்தரையில் மட்டும் நடக்கும் பொருளாகிவிட்டது. மன்னரின் குள்ளத்தை மறைக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்வது வழக்கம். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் ஆறடிக்கு மேல் உயரமானவர். அவரும் முடிசூட்டு ஓவியத்தில் உயரக் குதியோடுதான் இருக்கிறார். ஆகவே உயரக் குறைவு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

1700-க்குப் பிறகு இரு பாலாரின் குதிகளும் பிரியத் தொடங்கின. ஆண்களுக்கு, தோலடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து செய்த அகன்ற, உறுதியான, உயரம் குறைந்த குதி. பெண்களுக்கு, மரத்தில் செதுக்கிப் பட்டு போர்த்திய, இடை மெலிந்து வளைந்த குதி. பாதவளைவைத் தாங்கும் எஃகுத் தகடு காலணிக்குள் வைக்கப்படாத காலம் அது. அதனால் மெல்லிய குதியைப் பின்கோடியில் நிறுத்தினால் அடி முறிந்துவிடும். எனவே அதைப் பாதத்தின் நடுவை நோக்கி முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அருங்காட்சியகத்தில் 18-ஆம் நூற்றாண்டுக் காலணி எதைப் பார்த்தாலும் குதி ஏதோ இடம் தவறி ஒட்டியது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆண்கள் உயரக் குதியை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டார்கள். ஆண்மைக்கு அடையாளம் பகுத்தறிவும் எளிமையும் என்ற எண்ணம் வலுப்பெற, பட்டும் சரிகையும் குதியும் பெண்களின் பக்கம் ஒதுக்கப்பட்டன. அவற்றை அணிந்ததற்காகவே பெண்களைப் பகட்டுக்காரிகள் என்று ஏசுவதும் உடன் தொடங்கியது. நூறாண்டுகள் முன்பு அதே பொருள் குதிரைவீரனின் கம்பீரமாக இருந்ததை ஏசியவர்கள் யாரும் நினைவுகூரவில்லை.

1789-இன் பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் அடையாளங்கள் அனைத்தையும் ஆபத்தானவையாக்கியது. குதி ஏற்கெனவே தாழ்ந்துகொண்டிருந்தது. 1790-களின் முடிவில் பெண்களும் தட்டையான மெல்லிய செருப்புக்கு வந்துவிட்டார்கள். குதி போனதும் லாஸ்ட் செதுக்கும் வேலை மீண்டும் எளிதாயிற்று, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடக்கால் வலக்கால் வேறுபாடும் திரும்பிவந்தது. 1819-இல் அமெரிக்காவின் தாமஸ் பிளான்சர்டு, துப்பாக்கிக் கட்டை செய்வதற்காக, ஒரு மாதிரியைப் பார்த்து அதே ஒழுங்கற்ற வடிவத்தை மரத்தில் கடையும் எந்திரத்தை அமைத்தார். காலணி லாஸ்ட் கடையவும் அது கைகொடுத்தது. ஒரே மாதிரியிலிருந்து அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் கடைந்தெடுக்க முடிந்தது. நூற்றாண்டின் நடுவில் பெண்களின் நாகரிகத்தில் குதி மறுபடி தலைதூக்கியபோது, இடக்காலுக்கு ஒன்றும் வலக்காலுக்கு ஒன்றுமாகவே அது வந்தது.